பஞ்சு சுற்றிய பேரிங்

போன மாதம் என் பழைய ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பெயர் திவ்யா. நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவள், நேரில் பார்த்ததில்லை.

"மேடம், பழைய ரிப்போர்ட்டை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டு இருக்கேன். எல்லாத்துலயும் எல்லை நிபந்தனைக்குப் பக்கத்துல 'யார் சொன்னது'ன்னு ஒரு வரிசை இருக்கு. இப்பதான் சாஃப்ட்வேரே எல்லையைத் தானா போட்டுக்கிடுதே. அந்த வரிசையை விட்டுறவா?"

"செத்த நேரம் பொறும்மா, யோசிச்சுச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டேன். யோசிக்கப் போனதில் பதில் இவ்வளவு நீளமாகிவிட்டது. நடுவில் நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது.

ராஜபாளையத்தில் பேரிங் செய்கிற ஒரு கம்பெனியில், கணக்குப் பிரிவில் நான் வேலை பார்த்தேன். கணக்குப் பிரிவு என்றால் சம்பளம் போடுகிற இடம் என்று நினைத்து, என் மாமியார் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. ஒரு பேரிங் எவ்வளவு சூடாகும், எண்ணெய் தாங்குமா, எப்போது தேயும் என்று கம்ப்யூட்டருக்குள் ஓடவிட்டுப் பார்க்கிற வேலை என்று சொல்லியிருந்தால், "அதுக்குமா சம்பளம்?" என்று கேட்டிருப்பார். பாலிடெக்னிக் முடித்து, வரைபலகையில் கோடு போடுவதற்குச் சேர்ந்தேன். பலகை போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது அதன் முன்னால் பயப்படாமல் போய் உட்கார்ந்தது நான் ஒருத்திதான். வேலை கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான்.

எல்லை நிபந்தனை என்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. பேரிங்குக்குள் குண்டு உருள்கிறது. குண்டுக்கும் அது ஓடுகிற தடத்துக்கும் நடுவில் தலைமுடியைவிட மெல்லிசாக ஒரு எண்ணெய்ப் படலம். அந்தப் படலம் இருக்கிறவரை இரும்பு இரும்பைத் தொடாது. இதெல்லாம் உள்ளே நடப்பது. அதைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுவிடும். ஆனால் வாசலில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. உள்வளையம் எந்த வேகத்தில் சுற்றுகிறது, வெளிவளையம் எதற்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது, எண்ணெய் நிறைய வருகிறதா, அரைகுறையாக வருகிறதா, சூடு எந்தப் பக்கமாக வெளியே போகிறது, இதையெல்லாம் நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேட்காது. தானாக ஒன்றை வைத்துக்கொண்டு, அழகழகான கலரில் படம் போட்டுக் காட்டும். பார்க்கிறவர்களும் ஆகா என்பார்கள்.

இந்தப் படத்துக்கெல்லாம் மயங்காதவர் எங்கள் நாராயணன் சார். பிரிவுக்குத் தலைவர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அந்த ஊர்க்காரர் என்றுதான் பேர், ஒரு நாளும் எங்களுக்குப் பால்கோவா வாங்கி வந்ததில்லை. அவருக்குச் சர்க்கரை, கையில் வைத்திருந்தால் தின்றுவிடுவோம் என்ற பயம். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சாதாரணமாக என்னைக் 'கனிம்மா' என்பார். கோபம் வந்தால் 'சண்முகக்கனி, நீங்க' என்று மரியாதை கூடிவிடும். அந்த மரியாதைக்குத்தான் நாங்கள் நடுங்குவோம்.

எங்கள் அறையில் சுவர் அகலத்துக்கு ஒரு கரும்பலகை இருந்தது. எந்தக் கணக்கானாலும் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் எல்லைகளை அதில் எழுத வேண்டும். நாமே போய் அளந்தது என்றால் நீலச் சாக்பீஸ். ஒருத்தர் சொல்லிக் கேட்டது மஞ்சள். தெரியாது, சும்மா வைத்திருக்கிறோம் என்றால் சிவப்பு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சொன்னவர் பேர். 'புத்தகம்' என்று நான் ஒரு தடவை எழுதிவிட்டேன். "புத்தகம் எந்த மில்லுக்குப் போய்ப் பாத்துச்சு, சண்முகக்கனி?" என்று கேட்டார். அன்றைக்கே மில்லுக்கு ஓடினேன். போகிற இடத்தில் மிஷினைப் பார்ப்பதற்கு முன்னால் அதைச் சுற்றி ஒரு நடை நடப்பார். காற்று எங்கிருந்து வருகிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது, யார் வந்து போகிறார்கள் என்று பார்ப்பார். அப்புறம்தான் தெர்மாமீட்டரை எடுப்பார். எதையும் இரண்டு தடவை அளக்க வேண்டும், இரண்டும் ஒத்துவந்தால்தான் நீலம். ஒத்துவராவிட்டால் மஞ்சளிலேயே கிடக்கும்.

இப்படி எத்தனையோ பேரிங்குக்குக் கணக்குப் போட்டோம். பெரும்பாலானவை மறந்துபோயின. தேவசகாயத்தின் பேரிங் மறக்கவில்லை.

அவர் பக்கத்து மில் ஒன்றில் ஃபிட்டர். செட்டியார்பட்டிக்காரர். நூல் அறுந்துபோகாமல் இருக்க, மில்லுக்குள் ஈரக்காற்றை ஊதிக்கொண்டே இருப்பார்கள். அதற்கென்று ஆளுயர விசிறி ஒன்று தனி அறையில் ஓடும். அந்த விசிறியின் தண்டை இரண்டு பேரிங் தாங்கும், ஒன்று உள்பக்கம், ஒன்று நடைபாதைப் பக்கம். தினமும் காலையில் இரண்டுக்கும் எண்ணெய் ஊற்றுவது தேவசகாயத்தின் வேலை. ஒரு மத்தியானம் நடைபாதைப் பக்கத்துப் பேரிங் இறுகித் தீப்பிடித்தது. விசிறி ஓடினால் தீ மில்லுக்குள் பரவிவிடும் என்று அதை நிறுத்த உள்ளே ஓடியவர் அவர்தான். விசிறி நின்றது. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் தப்பினார்கள். புகையைக் குடித்த மனிதர் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பவில்லை.

மில் விசாரணையில், எண்ணெய் ஊற்றாததால் பேரிங் இறுகியது, தேவசகாயத்தின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். அது எங்கள் கம்பெனிப் பேரிங். அதனால் கணக்குப் போட்டு அதை உறுதிசெய்து தரச்சொல்லி இரண்டு பேரிங்கையும் எங்களுக்கு அனுப்பினார்கள். இறுகியதைப் பிரித்துப் பார்த்தோம். எண்ணெய் ஒரு பொட்டு இல்லை, சூட்டில் வளையம் நீலம் பாய்ந்து கிடந்தது. சாயங்காலத்துக்குள் எழுதிக் கொடுத்துவிடலாம் போலத்தான் இருந்தது.

அன்றைக்கே அவர் மனைவி எங்கள் கேட்டுக்கு வந்துவிட்டார். அன்னபாக்கியம். அதே மில்லில் துப்புரவு வேலை. அடக்கம் முடிந்து அதிக நாள் ஆகவில்லை. அழவில்லை, நேராக சாரிடம் பேசினார்.

"சார், அவிய காலையில ரெண்டுக்கும் எண்ணெய் ஊத்துனாக. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். மேனேஜர்ட்டச் சொன்னா, பொண்டாட்டி வேற எப்படிச் சொல்லுவான்னு கேக்காக. ஓடிப் போயி அம்புட்டுப் பேரைக் காப்பாத்துன மனுசன் சார். எம்மக வளந்து, உங்கப்பன் சோம்பேறித்தனத்துலதான் தீப்பிடிச்சுச்சுன்னு ஊர் சொல்லக் கேக்கணுமா?"

"நான் பாக்கேம்மா" என்றார் சார். "ஆனா எப்படி வருதோ அப்படித்தான் எழுதுவேன். மாத்தி எழுத மாட்டேன்."

"மாத்த வேண்டாம் சார். உள்ளதை எழுதுங்க, போதும்."

சார் உள்ளே வந்து கரும்பலகையில் மஞ்சளில் எழுதினார்: காலையில் எண்ணெய் ஊற்றப்பட்டது, சொன்னது அன்னபாக்கியம். "அவங்க சம்சாரம் சார்" என்று இழுத்தேன். "பாத்த ஆள் வேற யாரு இருக்கா?" என்றார்.

எண்ணெய் சரியான மட்டத்தில், வெளிவளையத்தின் சூடு அதைச் சுற்றியிருக்கும் இரும்பு உறை வழியாகக் காற்றில் போய்விடுகிறது என்று வழக்கமான எல்லைகளோடு முதலில் ஓட்டினோம். பேரிங் சொகுசாக ஓடியது. எண்ணெயைப் பாதியாக்கினோம், அப்போதும் அன்றைக்கே இறுகாது என்றுதான் வந்தது. எண்ணெயே இல்லை என்று வைத்தால் இறுகியது. மில்காரர்கள் கேட்ட பதில் அதுதான். ஆனால் கையில் இருந்த பேரிங் அந்தக் கணக்கோடு ஒட்டவில்லை. எண்ணெய் மட்டும் இல்லாமல் இறுகினால் உள்வளையம்தான் அதிகம் சூடாக வேண்டும். வெளிவளையத்துக்குக் காற்று இருக்கிறது, அது கொஞ்சமாவது குளிர்ந்திருக்கும். இங்கே இரண்டும் ஒன்றுபோல வெந்திருந்தன. தீயால் வந்த நிறமாக இருக்குமோ என்று கேட்டேன். சார் உறையைத் திருப்பிக் காட்டினார், நிறம் உள்ளேயிருந்து வெளியே பரவியிருந்தது. அதோடு, உள்பக்கத்துப் பேரிங்கில் எண்ணெய் அப்படியே மிச்சம் இருந்தது.

"வெளிவளையத்துச் சூடு காத்துல போகுதுன்னு யாரு சொன்னது, கனிம்மா?"

பலகையைப் பார்த்தேன். அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் பேரே இல்லை. எப்போதும் அப்படித்தானே இருக்கும் என்று சாஃப்ட்வேர் வைத்ததை அப்படியே விட்டிருந்தோம். மறுநாள் மில்லுக்குப் போனோம்.

எரிந்த அறையில் கரியைத் தவிர ஒன்றுமில்லை. இரண்டாவது பிரிவில் அதேபோல இன்னொரு விசிறி இருந்தது, அன்றைக்கு நிறுத்தி வைத்திருந்தார்கள். மேனேஜர் தன் அறையைவிட்டு எழுந்திருக்கவில்லை. அறையைத் திறந்து காட்ட அன்னபாக்கியத்தை அனுப்பிவைத்தார். சார் வழக்கம்போல ஒரு நடை சுற்றிவந்தார். நடைபாதைக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார்கள்.

"இந்த இடம் எப்பவும் இப்படித்தான் இருக்குமாம்மா?"

"இல்ல சார். நடைபாதைப் பக்கத்துப் பேரிங்குல மட்டும் பஞ்சு சுத்தியிருக்கும். தீப்பிடிச்ச பொறவு எல்லாத்தையும் எடுக்கச் சொல்லிட்டாக."

"பஞ்சா?"

"கழிவுப் பஞ்சு சார். எண்ணெய் தரையில சொட்டுச்சுன்னா சூப்பர்வைசர் அவியளைத்தான் ஏசுவாரு. அதான் சொட்டாம நான் சுத்திவிட்டுருவேன். எல்லா மில்லுலயும் உள்ளதுதான். அன்னைக்கு நூல் வாங்குறவுக பாக்க வாராகன்னு நல்லா கனமா சுத்தினேன். அவுகளுக்கு முன்னால வச்சு அவியளை ஏசிரக் கூடாதுல்ல?"

இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை, மில்லில் எல்லாரும் தினமும் பார்த்த விஷயம். தினமும் பார்ப்பதால் யாரும் அதைச் சொல்ல வேண்டிய ஒன்றாக நினைக்கவில்லை. விசாரணையில் ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. தீயில் பஞ்சும் போய்விட்டது.

சாரின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. "அன்னைக்குச் சுத்துன மாதிரியே சுத்திக் காட்டுங்கம்மா" என்றார். அன்னபாக்கியம் ஒரு மூட்டைப் பஞ்சைக் கொண்டுவந்து, தண்டு உறைக்குள் நுழைகிற இடத்தில் பஞ்சை நெருக்கித் திணித்து, மேலே வளைத்து வளைத்துச் சுற்றினார். பழகிய கை. ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருக்கவில்லை. சார் ஸ்கேலை வைத்து அளந்தார்.

"எதுக்கு சார் இது?" என்று அன்னபாக்கியம் கேட்டார்.

சார் பஞ்சை எடுத்துவிட்டு, "இன்னொரு தடவை சுத்துங்கம்மா" என்றார்.

அன்னபாக்கியம் சாரை ஏறிட்டுப் பார்த்தார். பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். புருஷன் நினைப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் குனிந்து, முதலில் சுற்றியது போலவே சுற்றினார். அளவு ஒத்துவந்தது.

ஆபீஸுக்குத் திரும்பியதும் மேஜையில் இரண்டு பேரிங்கை வைத்து ஓட்டினோம், ஒன்று வெறுமனே, ஒன்று பஞ்சோடு. பஞ்சு விளக்குத்திரி மாதிரி எண்ணெயை உறிஞ்சி வெளியே இழுத்துக்கொண்டே இருந்தது. எண்ணெய் மட்டம் காட்டும் கண்ணாடி மத்தியானத்துக்குள் காலியாகிவிட்டது. கையை வைத்துப் பார்த்தால் உறைமேல் பஞ்சு கம்பளிபோலச் சூட்டைப் பிடித்து வைத்திருந்தது. சூடு போகிற வழி அடைத்துக்கொண்டது, எண்ணெய் போகக்கூடாத வழி திறந்துகொண்டது. இந்த இரண்டு எல்லையையும் மாற்றிக் கணக்கை ஓட்டினேன். இரண்டு வளையமும் ஒன்றாக வெந்தன. கையில் இருந்த பேரிங்கும் திரையில் இருந்ததும் ஒன்றாகிவிட்டன.

கணக்கு ஒத்துவந்தால் சந்தோஷமாக இருக்கும். அன்றைக்கு நானும் சாரும் திரையைப் பார்த்தபடி சாவு வீட்டில் இருப்பதுபோல உட்கார்ந்திருந்தோம். தேவசகாயம் எண்ணெய் ஊற்றினார் என்று ஆகிவிட்டது. அந்த எண்ணெயைக் குடித்த பஞ்சைச் சுற்றியது யார் கை என்றும் ஆகிவிட்டது. அவரை யாரும் ஏசக் கூடாதே என்று சுற்றிய பஞ்சு. சார் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

"கனிம்மா, நம்ம எழுதித்தான் ஆகணும். ஆனா இதை அந்தம்மாட்டச் சொல்ல எனக்கு வாய் வராது" என்றார்.

ரிப்போர்ட்டை அவரே எழுதினார். ஒரு அளவைக்கூட மாற்றவில்லை. பஞ்சின் கனத்துக்குப் பக்கத்தில், 'யார் சொன்னது' என்ற இடத்தில் 'மில்லின் வழக்கம், அளந்தது நாராயணன்' என்று எழுதினார். காலையில் எண்ணெய் ஊற்றியதற்கு, உள்பக்கத்துப் பேரிங்கில் மிச்சமிருந்த எண்ணெயைச் சாட்சியாகக் காட்டினார். அன்னபாக்கியம் என்ற பேர் ரிப்போர்ட்டில் ஒரு இடத்திலும் இல்லை. கரும்பலகையில் மஞ்சளில் இருந்த பேரையும் அவரே துடைத்தார்.

மில் மேனேஜர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு முதலில் கேட்டதே, "பஞ்சைச் சுத்துனது யாரு?" என்றுதான். ஒருத்தர் தப்பினால் இன்னொருத்தர் வேண்டுமே அவருக்கு.

"எல்லாரும் பாத்துக்கிட்டுத்தானே சார் இருந்தீங்க? கணக்குக்குப் பேர் தேவையில்லை" என்றார் சார். அவர் வாயில் அந்தச் சொல்லை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

விசாரணையில் எழுதியதைத் திருத்தினார்கள். கவனக்குறைவு என்ற சொல்லை எடுத்தார்கள். பஞ்சு சுற்றக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அன்னபாக்கியம் மறுபடி வந்தபோது சார் எழுந்து நின்று, "உங்க வீட்டுக்காரர் எண்ணெய் ஊத்தியிருக்காரும்மா. அதுல சந்தேகமே இல்ல" என்றார். அவர் கும்பிட்டார். "அது போதும் சார்" என்றார். அப்படியானால் எதனால் இறுகியது என்று கேட்கவே இல்லை. கேட்காமல் போனாரே என்று நாங்கள் பெருமூச்சு விட்டோம்.

சார் ஓய்வு பெற்ற பிறகும் அவ்வப்போது போன் பேசுவார். சர்க்கரை, முழங்கால், பஸ்ஸில் கூட்டம் எல்லாம் பேசிவிட்டு, வைக்கப்போகும்போது கேட்பார்: "கனிம்மா, அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமோ?" "தெரிஞ்சிருக்காது சார்" என்பேன். "சரி" என்பார். அடுத்த தடவையும் அதையே கேட்பார். போன வருஷம் இறந்துபோனார். கடைசியாகப் பார்க்கப் போனபோதும் இதைத்தான் கேட்டார். நானும் அதே பதிலைச் சொல்லிவிட்டு வந்தேன்.

திவ்யா போன் செய்ததற்கு அடுத்த வாரம் சாருக்கு வருஷத் திவசம். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டு, பஸ் ஸ்டாண்டில் ராஜபாளையம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். "மேடம், நீங்க பேரிங் கம்பெனி மேடம்தான?" என்று ஒரு குரல். அன்னபாக்கியம். தலை முழுக்க நரைத்திருந்தது. மகள் ஸ்ரீவில்லிபுத்தூரில் நர்ஸாக இருக்கிறாளாம், அவளோடுதான் இருக்கிறாராம்.

"சார் சொகமா இருக்காகளா மேடம்?"

இறந்துவிட்டதைச் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ் ஒன்று வந்து போனது.

"அவுகளை ஒருக்கப் போய்ப் பாக்கணும்னு இருந்தேன். பாத்தா அவுக சங்கடப்படுவாகளேன்னுதான் போகலை" என்றார்.

"எதுக்குச் சங்கடம்?"

"எனக்குத் தெரியும் மேடம். எதுக்குன்னு கேட்டதுக்கு ஒண்ணும் சொல்லாம ரெண்டாந் தடவை சுத்தச் சொன்னாகள்ல. அதுலயே வெளங்கிருச்சு. நான் சுத்துன பஞ்சுதான்னு."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"லேசாச் சுத்திருவமான்னு ஒரு நிமிசம் தோணுச்சு. சுத்திட்டா, என் மேல ஒண்ணும் வராது. ஆனா அவிய எண்ணெய் ஊத்தலைன்னு ஆகிப்போகும். அதான் அன்னைக்குச் சுத்துன மாதிரியே சுத்தினேன்." கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டார். "இந்தக் கையாலதான் மேடம். அவியளை ஏசக் கூடாதுன்னுதான் சுத்தினேன். ஆண்டவருக்குத் தெரியும்."

சார் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்ததையும், அவருக்குத் தெரிந்திருக்காது என்று நான் சொல்லிக்கொண்டே இருந்ததையும் சொன்னேன். ஒருத்தர் மனசு நோகக் கூடாது என்று இன்னொருத்தர் இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். நடுவில் நான் ஒருத்தி இருந்தும் ஒரு பிரயோஜனமும் இல்லை. அழுதேன். அவர்தான் என் முதுகைத் தடவிவிட்டார்.

ராஜபாளையம் பஸ் வந்தது. ஏறப்போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"அந்தக் காகிதத்துல பஞ்சுக்கு நேர என் பேரு இருக்கா மேடம்?"

"இல்லம்மா. சார் போடலை. உங்க பேரு எங்கயுமே வராமப் பாத்துக்கிட்டாரு."

பயம் விட்டது என்பார் என்று நினைத்தேன். முகம் வாடிவிட்டது.

"போட்டிருக்கலாமே மேடம். சொன்னது நான்தான? அதுல அவிய பேரு கிடக்குல்ல. பக்கத்துல எம்பேரும் கிடந்திருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் திவ்யாவுக்குப் போன் செய்தேன். அந்த வரிசையை விடாதே என்று சொன்னேன். தேவசகாயத்தின் ரிப்போர்ட்டை எடுக்கச் சொல்லி, அளந்தது நாராயணன் என்று இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள்.

"அது அப்படியே இருக்கட்டும். அதுக்கு முன்னால சேத்துக்கோ" என்றேன். "சொன்னது: அன்னபாக்கியம், தேவசகாயத்தின் மனைவி."